காது கேளாத பசுவும் நாலு புது டயரும்

கொட்டகையில் கயிறு இருந்தது. தொட்டியில் பாதி குடித்த தண்ணீர் இருந்தது. தரையில் கிடந்த சாணத்தில் இன்னும் சூடு ஆறவில்லை. மாடு மட்டும் இல்லை.

"இப்பதாங்க டாக்டர் இங்க நின்னுச்சு" என்றாள் வீட்டுக்காரி. "மேயப் போயிருக்கும்."

அன்று காலையில் மாட்டு டாக்டர் ஏறி இறங்கிய ஆறாவது வீடு அது. ஆறு வீட்டிலும் இதே கயிறு, இதே பதில். அவருக்குப் பின்னால், தடுப்பூசி மருந்து வைத்த ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பவுண்டர் நின்றார். ஓய்வு பெற எட்டு மாதம்தான் பாக்கி என்பதால் கம்பவுண்டருக்கு இப்போதெல்லாம் எதிலும் ஆச்சரியம் வருவதில்லை.

டாக்டருக்கு எல்லாமே ஆச்சரியம். குனிந்து கயிற்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை. முடிச்சுதான் அவிழ்ந்திருந்தது.

"பாத்தீங்களா, அவுத்துட்டுப் போயிருக்கு" என்றார்.

"ஆமா சார்" என்றார் கம்பவுண்டர்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோமாரி வந்து பத்து நாள் ஆகியிருந்தது. வாயிலும் காலிலும் புண்ணோடு, தீனியைத் தொடாமல் எச்சில் ஒழுக நின்ற மாடுகளை டாக்டர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்த பிறகு இரண்டு நாள் அவருக்கே சாப்பாடு இறங்கவில்லை. மழை பிடித்துக்கொண்டால் நோய் ஆற்றைத் தாண்டிவிடும் என்று பயந்தார். அதற்குள் இந்த ஊரின் நூற்றுப் பத்து மாடுகளுக்கும் ஊசி போட்டாக வேண்டும்.

இதை வீடு வீடாகப் போய் விளக்கியும் இருந்தார். ஊசி போட்டால் இரண்டு நாள் பால் கொஞ்சம் குறையலாம், மற்றபடி ஒன்றும் ஆகாது என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு விவரமான ஊரைப் பதினெட்டு வருட வேலையில் பார்த்ததில்லை என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

ஆகவே கோளாறு ஊராரிடம் இல்லை. அது டயரில்தான் இருக்க வேண்டும்.

டயர் கதை போன மாதம் தொடங்கியது. அவருடைய ஜீப்பில் இருந்தவை தார் ரோட்டுக்கான டயர்கள். இந்த ஊருக்குத் திரும்பும் மண்பாதையில் ஜீப் ஒரே மாதத்தில் மூன்று முறை சேற்றில் புதைந்தது. மூன்று முறையும் டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். மூன்றாவது முறை டிராக்டர்காரர் மிகுந்த அக்கறையோடு, அடுத்து என்றைக்கு வருவீர்கள் என்று முன்கூட்டிச் சொன்னால் வண்டியை வெளியே எடுத்து வைத்திருப்பேனே என்று கேட்டார். டாக்டர் அங்கிருந்து நேராக டயர்க் கடைக்குப் போனார்.

கடைக்காரர் மூன்று டயர்களைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒன்று மெல்லிய வரி போட்ட ரோடு டயர். இன்னொன்று கட்டை கட்டையாகப் பட்டன் புடைத்த சேற்று டயர். நடுவில் இருந்தது ரோட்டுக்கும் சேற்றுக்கும் பொதுவான ஆல் டெரைன். டாக்டர் ஒன்றேகால் மணி நேரம் கேள்வி கேட்டார். பள்ளம் ஏன் இவ்வளவு ஆழம், பக்கச் சுவர் ஏன் இவ்வளவு தடிப்பு, இரண்டு கட்டைக்கு நடுவே இந்தக் குட்டி மேடு எதற்கு. கல் போய் மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்று தெரிந்ததும் அந்த மேட்டைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் தடவிக் கொடுத்தார்.

"எந்த டயரும் ஒண்ணு குடுத்தா ஒண்ண எடுத்துக்கும் டாக்டர்" என்றார் கடைக்காரர். "இது சேத்துல சிக்காது. ஆனா ரோட்டுல பாடும்."

"எவ்வளவு பாடும்?"

"வண்டியில ரேடியோ இருந்தா கழட்டி வீட்டுல வெச்சுக்கலாம்."

டாக்டர் ஆல் டெரைனே போடச் சொன்னார், அதுவும் ஒரு அளவு பெரியதாக. ஸ்டெப்னி மட்டும் பழையதே இருக்கட்டும் என்றார். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஜாக்கியை எடுத்தார்.

புது டயர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. முழங்கால் சேற்றிலும் ஜீப் நிற்காமல் போனது. ஆனால் தார் ரோட்டில் நாற்பதைத் தாண்டினால் அடியிலிருந்து ஒரு 'ஊ' கிளம்பும். அறுபதில் கம்பவுண்டரின் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கத் தொடங்கும். டீசல் கூடுதலாகக் குடித்தது, ஸ்டீயரிங் கனத்தது. ஊருக்கு வெளியே வயலைச் சுற்றி வளைந்து வரும் ரோட்டில் அவர் திரும்பினால், வயலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கடைசி வீடு வரைக்கும் கேட்கும்.

மனைவி மட்டும் குறை சொல்லவில்லை. "நீங்க பாலத்துல வரும்போதே எனக்குக் கேட்டுடுது. கேட்டதும் டீக்குத் தண்ணி வெச்சுடுவேன். நீங்க செருப்பைக் கழட்டுறதுக்குள்ள டீ ரெடி" என்றாள். டாக்டர் டீயை வாங்கிக் குடித்தார். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இனி, ஏழாவது வீடு. அங்கே மாடு இருந்தது.

அது மில்லுக்காரர் வீடு. முப்பது வருடம் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர், தனிக்கட்டை. டாக்டர் எதைச் சொன்னாலும் முகத்தையே பார்த்துச் சிரித்துத் தலையாட்டுவார். நடுவில் குறுக்கே பேசவே மாட்டார். அதனாலேயே டாக்டருக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்த மனிதர் அவர். அவருடைய செவலைப் பசு கட்டிய இடத்தில் கட்டியபடி அசை போட்டுக்கொண்டிருந்தது. ஊசி போட்டபோதுகூட ஏன் என்று கேட்கவில்லை.

ஊரே ஓடியபோது இது மட்டும் ஏன் ஓடவில்லை? டாக்டர் பசுவின் பின்னால் போய்ப் பலமாகக் கை தட்டினார். அது தீனித் தொட்டியிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஒரு வாளியைக் கீழே போட்டார். ஒரு காது லேசாக ஆடியது, ஆனால் அது ஈயை விரட்டத்தான் என்று முடிவு செய்தார்.

"இதுக்குக் காது கேக்காது" என்றார் மெதுவாக. "அதான் ஓடல. மத்ததெல்லாம் டயர் சத்தத்தக் கேட்டுட்டு ஓடுது."

கம்பவுண்டர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பாக்கியிருக்கும் எட்டு மாதம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "ஆமா சார்" என்றார்.

அன்று மாலை டாக்டர் ஒரு புது நோட்டுப் புத்தகம் வாங்கினார். ஊசி கொண்டு வரும் வண்டியின் சத்தத்தை மாடு நினைவில் வைத்திருக்கிறது, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் அடையாளம் காண்கிறது, முடிச்சை அவிழ்த்துக்கொண்டு தப்பிக்கிறது. இதை யாராவது இதுவரை எழுதியிருக்கிறார்களா? கால்நடை மருத்துவர்களின் ஆண்டுக் கூட்டத்தில் வாசித்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள் என்று தோன்றியது. முடிச்சை எப்படி அவிழ்க்கிறது, நாக்காலா பல்லாலா என்பது மட்டும் பிடிபடவில்லை. சாப்பாட்டு மேசைக் காலில் கயிற்றைக் கட்டி, மண்டியிட்டுப் பல்லால் அவிழ்த்துப் பார்த்தார். நாலு நிமிடம் ஆனது. அதை ஒரு நிமிடத்தில் செய்யும் மாடுகள் மீது அவருக்கு மரியாதை கூடியது. கையில் டீயோடு நின்ற மனைவி, டம்ளரை மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

சத்தத்தைக் கேட்டு மாடுகள் பயப்படுகின்றன என்றால் பயத்தைத் தெளிய வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு மூட்டை புண்ணாக்கோடு மூன்று நாள் ஊருக்குள் சும்மா போய் வந்தார். டயர் பாடினால் புண்ணாக்கு கிடைக்கும் என்று மாடுகள் பழகட்டும் என்பது திட்டம். மூன்று நாளும் மாடுகள் இல்லை. "குடுங்க டாக்டர், வந்ததும் நான் போட்டுடுறேன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் முறத்தை நீட்டினார்கள். மூட்டை காலியானது. நாலாம் நாள் அவர் போகாததால் ஏன் வரவில்லை என்று இரண்டு பேர் போன் செய்து கேட்டார்கள்.

பிறகு பால் வண்டி யோசனை வந்தது. தினமும் காலையில் பால் எடுக்க வரும் வேனின் சத்தம் மாடுகளுக்குப் பழக்கமானது, அதற்கு ஓடமாட்டா. டாக்டர் வேன் டிரைவரைக் கெஞ்சி, பால் கேன்களுக்கு நடுவே ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினார். அன்று முப்பத்தொரு மாடுகள். கொட்டகைக்குக் கொட்டகை அவை நின்றுகொண்டிருந்தன. உரிமையாளர்கள்தான் ஏதோ திருடனைப் பார்த்ததுபோல் விழித்தார்கள்.

மறுநாள் பால் வண்டியின் ஹாரன் கேட்டதும் மிச்ச மாடுகள் காணாமல் போயின. அவற்றின் பின்னாலேயே வீட்டுக்காரர்களும் போய்விட்டதால் பால் பாத்திரத்தை எடுத்து வர ஆளில்லை. வேன் பாதி கேனோடு திரும்பியது. இனி ஊசிப் பெட்டியோடு என் வண்டிப் பக்கமே வரக் கூடாது என்று டிரைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரே நாளில் இன்னொரு வண்டியின் சத்தத்தையும் மாடுகள் கற்றுக்கொண்டதை டாக்டர் நோட்டில் சிவப்பு மையில் எழுதினார். எழுதும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எழுபத்தெட்டு மாடுகள் பாக்கி. கோமாரி மாடுகளின் எச்சில் ஒழுகும் வாய் அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது, பேனாவை மூடி வைத்தார்.

கடைசியாக டயரின் வாயையே அடைக்கப் பார்த்தார். காற்றைக் குறைத்தால் ரப்பர் மெத்தென்றாகி 'ஊ' குறையும் என்று கணக்குப் போட்டு, நாலு சக்கரத்திலும் பாதிக் காற்றை இறக்கினார். தார் ரோட்டில் ஜீப் தவழ்ந்தது. சத்தம் குறையத்தான் செய்தது. ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு திருப்பத்தில் முன் டயர் ஒன்று ரிம்மை விட்டுக் கழன்று உட்கார்ந்தது. ஸ்டெப்னியை எடுத்து மாட்டினால், பழைய சின்ன டயரில் ஜீப் ஒரு பக்கமாகக் குனிந்து, ஸ்டீயரிங் பிடித்த பிடிக்கு வராமல் வயலையே பார்த்தது. டயர்க் கடைக்காரர் ஏன் உதட்டைப் பிதுக்கினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

மழை தூற ஆரம்பித்தது.

"திரும்பிடலாமா சார்?" என்றார் கம்பவுண்டர்.

"மருந்து கெட்டுடும். நடப்போம்."

ஆளுக்கு ஒரு பக்கமாக ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தூறலில் ஊர் வாசல்களில் ஒருவரும் இல்லை. முதல் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். மாடு இருந்தது. அடுத்த வீட்டிலும் இருந்தது. அதற்கடுத்த வீட்டில் இரண்டு மாடும் ஒரு கன்றும் இருந்தன. வீட்டுக்காரர்கள் ஓடி வந்து, வாங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் மாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று நாற்பத்து நாலு. மறுநாளும் ஜீப்பைத் திருப்பத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்கள். மிச்சமிருந்த அத்தனைக்கும் ஊசி போட்டு முடிந்தது. அன்று மாலை வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. டாக்டர் நடுத்தெருவில் நின்று நனைந்தார். கண்ணில் வழிந்தது மழை மட்டும் இல்லை, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

ஆறு எத்தனை பெருகியும் கோமாரி இந்தக் கரையில் ஏறவில்லை. ஒரு மாதம் கழித்துக் கட்டுரை தயாரானது. முப்பத்திரண்டு பக்கம். சத்தம் இருந்தால் மாடு இல்லை, சத்தம் இல்லாவிட்டால் மாடு இருக்கிறது. இதை விடத் துல்லியமான நிரூபணம் வேறென்ன வேண்டும்? ஒரே ஒரு விதிவிலக்கு அந்தச் செவலைப் பசு. அதன் படத்தை அட்டையில் போட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். டாக்டர் ஒரு தாளில் எல்லாவற்றையும் தெளிவாக எழுதி எடுத்துக்கொண்டு மில்லுக்காரர் வீட்டுக்குப் போனார். கம்பவுண்டர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

மில்லுக்காரர் வழக்கம்போல் டாக்டரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, தாளை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார். 'மேற்படி பசுவுக்குக் காது கேளாத காரணத்தால் டயர் சத்தம் கேட்டுத் தப்பி ஓட இயலவில்லை' என்ற வரியில் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு தெருவுக்கே கேட்கும்படி, கூச்சத்தோடு சொன்னார்:

"மாட்டுக்குக் காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது டாக்டர். எனக்குத்தான் சுத்தமா கேக்காது, இல்லேன்னா உங்க டயர் சத்தம் வந்ததும் ஊரே பண்ண மாதிரி நானும் அவுத்து விட்டிருப்பேன்ல."