வடக்கு சாரின் குளிர்கால லீக்

அந்தமானுக்குக் குளிர்காலத்தைக் கொண்டுவந்தவர் வடக்கு சார்தான். அதற்கு முன்னால் அங்கே மழைக்காலம் இருந்தது, மழை இல்லாத காலம் இருந்தது, அவ்வளவே. அறுபதுகளில் ஒரு டிசம்பர் முதல் தேதி, கம்பளி ஸ்வெட்டருடன் வியர்வை சொட்ட ஆபீசுக்கு வந்து, நோட்டீஸ் போர்டில் ஒரு தாளைக் குத்தினார். 'குளிர்காலத் திசைகாட்டி லீக். ஆறு பந்தயங்கள்.'

அவர் எங்கள் ஆபீசில் வரைபடம் வரைபவர். இடது, வலது என்ற சொற்கள் அவர் வாயில் வராது. மெஸ்ஸில், "ரசம் எங்கே சார்?" என்றால், "உன் தட்டுக்கு வடகிழக்கே" என்பார். பெயர் அப்படி வந்தது.

லீக் எளிமையானது. ஞாயிறு காலை போர்ட் பிளேர் டெலானிபூரில் ஆளுக்கொரு வரைபடம், ஒரு திசைகாட்டி, ஓர் அட்டை தருவார். வரைபடத்தில் ஒன்பது வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் குறிக்கும் இடத்தில் மரத்திலோ பாறையிலோ ஒரு சிவப்பு டின் தொங்கும். உள்ளே செருப்பு ரப்பரில் செதுக்கிய முத்திரை. வரிசை தப்பாமல் ஒன்பதையும் அட்டையில் குத்திக்கொண்டு திரும்ப வேண்டும். குறைந்த நேரத்தில் திரும்பியவருக்குப் பத்துப் புள்ளி, அடுத்தவருக்கு ஒன்பது. ஒருவர் முதுகைப் பார்த்து ஒருவர் போய்விடாதபடி மூன்று நிமிஷத்துக்கு ஒருவராக அனுப்புவார். சுற்று இரண்டு, இரண்டுக்கும் தனித்தனியாக அதே புள்ளிகள். சின்னச் சுற்று ரோட்டை ஒட்டிப் போகும். பெரிய சுற்று எதையும் ஒட்டிப் போகாது.

கடைசிப் பந்தயத்தின்போது நானும் வங்காளி கம்பவுண்டர் பாபுவும் சமப் புள்ளியில் நின்றோம். ஜெயித்தவருக்கு சார் கையால் எழுதிய சர்டிபிகேட். அதை ஊருக்கு அனுப்பினால், நான் இங்கே உருப்படியாகத்தான் இருக்கிறேன் என்று அப்பா நம்புவார்.

லம்பா லைன் பக்கத்துக் குன்றில் ஏழாவது வட்டம். திசை பிடித்து நேராகப் போனேன். மரம் இருந்தது, ஆணி இருந்தது, டின் இல்லை. கால் மணி நேரம் மரத்தைச் சுற்றிவிட்டு முத்திரை இல்லாமல் திரும்பினேன். கம்பவுண்டர் பாபு ஒன்பது முத்திரையுடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ஏழாவது டின் எங்கே இருந்தது?" என்று அவரைக் கேட்டார் சார்.

பாபு பொய் சொல்லத் தெரியாதவர். "ஏக் அவுரத் கே கர் மே, ஒரு அம்மா வீட்ல. டின்ல கன்றுக்குட்டிக்குத் தண்ணி வெச்சிருந்தாங்க. முத்திரை ஜன்னல்ல இருந்துச்சு."

சார் எங்கள் இருவர் அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இவன் இடத்தைக் கண்டுபிடிச்சான், டின்னைக் கண்டுபிடிக்கல. நீங்க டின்னைக் கண்டுபிடிச்சீங்க, இடத்தைக் கண்டுபிடிக்கல. ரெண்டு பேருக்கும் சைபர்."

கோப்பு தூக்கும் பியூன் ஒருவர் சாம்பியன் ஆனார். அவர் சின்னச் சுற்றைத் தவிர வேறெதிலும் ஓடியதில்லை. நான் சாரோடு பேசுவதை நிறுத்தினேன். அவருக்கு அப்பீல் மட்டும் எழுதினேன், மூன்று பக்கம்.

மறுநாள் டின்னை மீட்க சார் என்னையே கூட்டிப் போனார், சாட்சியாக. அந்த அம்மா ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். மூங்கில் தட்டி வீடு. பயந்துபோய் டின்னைக் கழுவிக் கொண்டுவந்து நீட்டினார். சார் அதை வாங்கவில்லை. வரைபடத்தை விரித்து, வீட்டைப் பார்த்து, மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். வரைபடத்தில் அந்த இடத்தில் வீடு இல்லை, வெறும் காட்டுப் பச்சைதான் இருந்தது.

"தப்பு நம்மளோடதுப்பா" என்றார் என்னிடம். வீட்டை அடி அடியாக அளந்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, பென்சிலால் ஒரு சின்னச் சதுரம் போட்டார்.

அந்த அம்மா எட்டிப் பார்த்து, அது தன் வீடா என்று கேட்டார். "யே மேரா கர் ஹை, சாப்?"

"ஹாங்ஜி. ஆப்கா கர்" என்றார் சார், அட்சரம் அட்சரமாக.

அந்த அம்மா சதுரத்தின் மேல் விரல் வைத்து, எடுக்க மனமில்லாமல் நின்றார். டின் அங்கேயே தங்கிவிட்டது.

அடுத்த வருஷம் சாருக்கு மெயின்லாண்டுக்கு மாற்றல் வந்தது. என் அப்பீலுக்கு அதுவரை பதில் இல்லை. அதைக் கேட்டுவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் ஜெட்டிக்குப் போனேன். அவர் பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன்.