அப்பாவின் கோட்டுப் பையில் ஒரு கோழி

லா பாஸ்
திங்கள் இரவு

என் மதிப்புக்குரிய ஹசிந்தா பெரியம்மாவுக்கு,

உங்கள் தங்கை மகள் யோசெலின் பணிவோடு எழுதிக்கொள்வது. உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்றும், திருவிழா உடைகளுக்கு ஜிகினா தைக்கும் வேலை தடங்கல் இல்லாமல் நடக்கிறது என்றும், ஓருரோவில் இங்கே போல விடாத மழை இல்லை என்றும் நம்புகிறேன். இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்த யாவரில் ஒருத்தியான என் அம்மா உங்கள் வீட்டில் உட்கார்ந்து உங்கள் காபியைக் குடித்துக்கொண்டு என் அப்பாவைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். போனில் சொல்லலாம் என்றால், உங்கள் நம்பருக்கு அடித்தால் அம்மாதான் எடுப்பாள். பக்கத்து வீட்டு யூலோகியா அக்கா நாளை ஓருரோவுக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

விஷயம் இதுதான். அப்பாவுக்கு வேறு பொம்பளை யாரும் இல்லை. அந்தக் கோழியை அவர் கோட்டுப் பையில் வைத்தது நான்.

நவம்பரிலிருந்து அப்பா படுக்கையில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. கீழே சலூன் பூட்டியே கிடந்தது. ஊருக்கெல்லாம் முகம் மழித்தவர் தாடி வளர்த்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுகாதார நிலையத்து டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, வெயில் படட்டும், கொஞ்சம் நடக்கட்டும், நாலு பேரோடு பேசட்டும், தினம் ஒரு சின்ன வேலையாவது செய்யட்டும் என்றார். எல்லாம் நல்ல யோசனைதான், ஆனால் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா அதைப் பட்டாளத்து உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டாள். வெயில் வேண்டுமென்று மெத்தையோடு அவரை மொட்டைமாடிக்கு ஏற்றினாள், உங்களுக்குத்தான் எங்கள் ஊர் வெயில் தெரியுமே, மூக்குத்தோல் உரிந்துவிட்டது. நாலு பேரோடு பேச வேண்டுமென்று தெருவில் இருந்தவர்களை அழைத்துவந்து கட்டிலைச் சுற்றி உட்காரவைத்தாள், அவர்கள் அப்பாவைப் பார்த்துப் பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். யூலோகியா அக்கா, இது மாத்திரைக்கு அடங்குற கேஸ் இல்ல, மனுஷன் எதையோ பாத்து பயந்து உசுரு வெளிய போயிருச்சு, பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்துடும் என்று அவருடைய ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு சந்துமுனையில் நின்று, செவெரோ, வந்துடுப்பா, வீட்டுக்கு வந்துடு என்று கூவினாள். கேஸ் சிலிண்டர் போடும் ஆள் பேரும் செவெரோ. அவன் தோளில் சிலிண்டரோடு மாடி ஏறிவந்து, எந்த வீட்டுக்கு என்று கேட்டான். கூப்பிட்டு வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று அம்மா அவனுக்கு வேர்க்கடலை சூப்பு ஊற்றிக் கொடுத்தாள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் ஜனவரி இருபத்துநாலு வந்தது, குட்டிச்சாமான் சந்தை. வீடு வேண்டுமென்றால் குட்டி வீடு, படித்துப் பட்டம் பெற வேண்டுமென்றால் குட்டிச் சான்றிதழ், வாங்கி நண்பகலில் புகை காட்டிக் கையில் கொடுத்தால் வருஷத்துக்குள் நிஜமாகிவிடும் என்கிறார்களே, எழுந்திருக்காத அப்பாவுக்கு என்ன வாங்குவது? ஒவ்வொரு கடையாகப் போனேன். குட்டி லாரி இருக்கிறது, குட்டி சிமெண்டு மூட்டை இருக்கிறது, அமெரிக்க விசாகூட இருக்கிறது. மனசு நன்றாக இருப்பதற்கு மட்டும் யாரும் சாமான் செய்யவில்லை. மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, எல்லோரும் முண்டியடிக்கிறார்கள். அப்போது ஒரு மண்கோழியைப் பார்த்தேன். அப்பா சின்ன வயதில் ஒரு கோழி வளர்த்தாரே, பாதிரியார் மடியில் முட்டையிட்ட கோழி, அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவரே சிரித்துவிடுவார். அதனால் வாங்கிவிட்டேன். கடைக்கார அம்மாள் யாருக்கு என்று கேட்டாள். வீட்டில் ஒரு ஆளுக்கு என்றேன். சீக்கிரமே வேலை செய்யும் என்று கண்ணடித்தாள். எதற்குக் கண்ணடிக்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை.

பெரியம்மா, கல்யாணமாகாத பெண்ணுக்குச் சேவல் கொடுத்தால் ஆண்துணை வரும், ஆணுக்குக் கோழி கொடுத்தால் பெண்துணை வரும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உங்கள் அலமாரியில் வருஷம் தவறாமல் வந்த சேவல்கள் வரிசையாக நிற்கின்றன, இதுவரை ஒருத்தரும் வந்து கதவைத் தட்டவில்லை. அதைப் பார்த்து வளர்ந்ததால் இந்தப் பறவைகளுக்கு அவ்வளவு சக்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்பா தூங்கும்போது பையில் போட்டேன். எடுத்துப் பார்த்துச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். வியாழக்கிழமை கோட்டை உதறப்போன அம்மாதான் எடுத்தாள், நேராக அப்பாவின் கட்டில் முன் போய் நின்றாள்.

"யாரு குடுத்தா இத?"

"எத?"

"கோழிய."

"தெரியல."

"படுக்கைய விட்டு எந்திரிக்காத மனுஷனோட பாக்கெட்ல கோழி தானா பறந்து வந்து உக்காந்துக்குச்சா?"

அதற்கு மேல் அம்மா சொன்னதை எல்லாம் உங்களிடமும் சொல்லியிருப்பாள். நான் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சொல்லிவிடத்தான் நினைத்தேன், கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினேன். அம்மா மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. அப்பா எழுந்தார். பைஜாமாவோடு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, பஸ் நிற்கும் முனைவரை ஓடினார். பஸ் போய்விட்டது. திரும்பி வந்து படுத்துவிடுவார் என்று நினைத்தேன், படுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, சாப்பிட்டியாம்மா என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாளாயிற்று. நான் அழுதேன், அம்மா போனதற்கு என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவரை நான் தனியாக விடவில்லை. விட்டால் படுத்துவிடுவாரோ என்று பயம். எனக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியாது என்றேன், எழுந்து வந்து பற்றவைத்தார். ரொட்டி வாங்க ஒருத்தியாகப் போகப் பயம், நாய் இருக்கிறது என்றேன். தெருவில் இருப்பது யூலோகியா அக்காவின் கிழட்டு நாய்தான், அது கடித்தால் அதன் பல்தான் விழும், இருந்தாலும் கூட நடந்து வந்தார். சனிக்கிழமை வேறு ஒன்றும் தோன்றாமல், எனக்கு முடி வெட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். நவம்பரிலிருந்து கத்தரியைத் தொடாத கை பெரியம்மா. இடது பக்கம் ஏறிவிட்டது என்று வலது பக்கத்தைச் சரிசெய்தார், வலது பக்கம் ஏறிவிட்டது என்று இடது பக்கத்தை. இப்போது என் முன்முடி புருவத்துக்கு வெகுதூரம் மேலே நிற்கிறது, அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது. கண்ணாடியில் பார்த்து, பாவி, என்ன பண்ணி வச்சிருக்கேன் என்று அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன், பாதி நிஜமாக. இன்றைக்குச் சலூன் ஷட்டரைப் பாதி தூக்கிவைத்தார். மாத்திரையைத் தானே போட்டுக்கொள்கிறார்.

என் பயம் இதுதான். உண்மையைச் சொல்லாவிட்டால் அம்மா வரமாட்டாள். சொன்னால் அம்மா உடனே ஓடிவந்துவிடுவாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்பா மறுபடியும் படுத்துவிடுவார். அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் அவர் எழுந்து நிற்கிறார் என்று நினைக்கிறேன். அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது, அம்மாவின் கோபத்தை அணைத்துவிடாதீர்கள், தீயைக் குறைத்து மட்டும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை போதும். அதற்குள் அப்பாவுக்குக் கால் பழகிவிடும். அப்புறம் நானே அம்மாவிடம் சொல்லி, வாங்க வேண்டியதை வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் கைகளை முத்தமிட்டு, உங்கள் ஆசியையும், முடிந்தால் காதுவரை மூடும் ஒரு பழைய தொப்பியையும் வேண்டும்,

யோசெலின்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதுவும் இனி தேவையில்லை. மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்பா முற்றத்தில் போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அம்மா. வெள்ளிக்கிழமையே சமாதானம் ஆகிவிட்டார்கள் போல. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ கோழிய உள்ள போடுறப்ப நான் கண்ண மூடிக்கிட்டு முழிச்சுத்தான் இருந்தேன், ஃபிதேலியா. அன்னிக்கே சொல்லியிருந்தா நீ அவள வெளுத்திருப்ப. நீ ஞாயிறு வரைக்கும் அங்கயே கோவமா இரு. காலைல எந்திரிக்கறது எனக்கு இன்னும் மலையேறுற மாதிரிதான் இருக்கு. ஆனா இவ வந்து ஏதாவது ஒரு பொய்ய சொல்லிக்கிட்டு கட்டில்கிட்ட நிக்கிறா, எந்திரிச்சுடுறேன். எனக்கு எல்லாம் தெரியும்னு அவகிட்ட சொல்லிட்டா விளையாடப் போயிடுவா."

ஆகவே உங்களுக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் என்று புரிகிறது. எனக்குத் தெரியும் என்பதை மட்டும் அவர்கள் இருவரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவர் என்னை ஏமாற்றிக்கொண்டே இருக்கட்டும், அதற்காவது தினமும் எழுந்திருக்க வேண்டும் அல்லவா.