எஞ்சின் முகமும் பதினாலு திறப்புகளும்

தமிழர் வரலாற்றில் ஓர் இரும்புக் கட்டிக்கென்று அமைந்த முதலாவது விசாரணைக் குழு, 1996 ஐப்பசியில், கனடாவின் ஸ்காபரோ டோர்செட் பார்க்கில் ஒரு வீட்டுக் கராஜுக்குள் கூடியது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம், ஆறு பேர் சேர்ந்தால் இரண்டு சங்கம் என்று வாழும் சமூகத்துக்கே இது பெரும் பாய்ச்சல்.

கராஜ்காரர் யேசுரட்ணம், ஊர்ச் சங்கத்தின் செயலாளர். தன் பழைய வான் வண்டியின் எஞ்சினைத் தானே கழற்றித் தானே பூட்டுவதென்று முடிவெடுத்து, முதல் பாதியை வெற்றிகரமாக நிறைவேற்றியிருந்தார். மேல் மூடியைக் கழற்றியதும் எஞ்சின் கட்டியான புளொக்கின் தட்டை முகத்தில் தலைமயிர் போல ஒரு கோடு தெரிந்தது. நூலகத்துப் புத்தகம் சுருக்கமாகச் சொன்னது: நகத்தால் இழுத்துப் பார். நகம் மாட்டித் தடக்காவிட்டால் துடைத்துப் பூட்டு. தடக்கினால் பட்டறையில் கொடுத்துச் சீவு.

அந்த வெள்ளிக்கிழமை தேநீரோடு வந்த மனைவி ஜோசப்பின் கோட்டின் குறுக்கே நகத்தை ஒரு இழுவை இழுத்தாள். இரும்புப் பாகங்களின் முகம் பார்ப்பதுதான் தொழிற்சாலையில் ஏழு வருடமாக அவளுடைய வேலை.

"உது தடக்கேல்லை. துடைச்சுப்போட்டுப் பூட்டுங்கோ. திங்கள் காலமை ஆறு மணிக்கு நான் அஜக்ஸிலை நிக்கோணும்."

பக்கத்து நகரான அஜக்ஸில் ஒரு புதிய தொழிற்சாலை அவளை மேற்பார்வையாளராக எடுத்திருந்தது. அந்த நேரத்துக்கு அங்கே பஸ் இல்லை. முதல் நாளே பிந்தினால் வேலை அடுத்த பெயருக்குப் போய்விடும். யேசுரட்ணத்துக்கு எல்லாம் தெரியும். ஆனால் தலைவர் இல்லாமல், கூட்டக் குறிப்பு இல்லாமல், அரை நிமிடத்தில் எடுத்த முடிவை ஒரு செயலாளர் எந்த முகத்தோடு ஏற்பது?

"நீர் சொல்லுறது சரியாயும் இருக்கலாம். எதுக்கும் நாலு பேரைக் கேப்பம்," என்றார்.

நாலு பேர் பதினாலு பேராக வந்தார்கள், பதினாலு காரில். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்திருந்தது. தலைமை இக்னேசியஸ் மாஸ்ரர். பெற்றோல் மணம் காரணமாக மங்கள விளக்கேற்றல் மட்டும் தவிர்க்கப்பட்டது.

ஒவ்வொருவராக நகத்தால் இழுத்தார்கள். எவருக்கும் தடக்கவில்லை. கூட்டம் அத்தோடு முடிந்துவிடும் ஆபத்து நெருங்கியபோது தில்லையம்பலம் காப்பாற்றினார். முதல்நாள்தான் நகம் வெட்டியிருந்ததால் அவர் கார்த் திறப்பால், அதாவது சாவி நுனியால், இழுத்தார்.

"மாஸ்ரர், எனக்குத் தடக்குது!"

"அது திறப்பெல்லோ, தம்பி?"

"திறப்பெண்டாலும் தடக்குதுதானே?"

மறுக்க முடியாத வாதம். ஒருவருக்குத் திறப்பு, மற்றவருக்கு நகம் என்பது எந்த ஊர் நியாயம் என்று பின்வரிசை கொதித்தது. சமத்துவம் கருதி அனைவரும் திறப்பாலேயே இழுக்கலாம் என்று தீர்மானமாயிற்று. சிலர் சந்தேகம் தீர இரண்டு தரம் இழுத்தார்கள்.

சனிக்கிழமை இரண்டாம் அமர்வு. கராஜில் சமதளமான இடம் வேறு இல்லாததால் தேநீர்க் கோப்பைகளும் ரோல்ஸும் புளொக்கின் மேலேயே வைக்கப்பட்டன. ஞாயிறு காலையில் கோப்பை வட்டங்கள் செந்நிறமாகத் துருவேறியிருந்தன. அதை ஆராய உபகுழு அமைந்தது. மாலையில் எட்டுக்கு ஆறு வாக்கில் தீர்ப்பு வந்தது: "சேதம் உண்டு. காரணம், வானின் முன்னைய சொந்தக்காரரின் கவனயீனம்."

யேசுரட்ணம் பெருமையோடு மனைவியைக் கூப்பிட்டார். ஜோசப்பின் நகத்தை இழுத்தாள். பாதி வழியில் நின்றது. இன்னொரு இடத்தில் இழுத்தாள். அங்கேயும் நின்றது.

"இப்ப தடக்குது," என்றாள்.

"பாத்தீரே! பதினாலு பேர் பிழை விடுவினமே?"

கைதட்டல் கராஜை அதிரவைத்தது.

"வெள்ளிக்கிழமை தடக்கேல்லை," என்றாள் அவள்.

"அப்ப எப்ப வந்தது, பிள்ளை?" என்று மாஸ்ரர் அக்கறையோடு கேட்டார்.

"நீங்கள் தேடத் தொடங்கினாப் பிறகு, மாஸ்ரர்."

யேசுரட்ணத்துக்குக் காது சுட்டது. தானும் இரண்டு தரம் இழுத்தது நினைவுக்கு வந்தது.

"சரி, போகட்டும். வெளியிலை பதினாலு கார் நிக்குது," என்றாள் ஜோசப்பின். "விடிய ஆறு மணிக்கு என்னை அஜக்ஸிலை இறக்கிவிட ஆர் வாறியள்?"

மூன்று நாளாக எதிலும் ஒத்துப்போகாத குழு முதல்முறையாக ஏகமனதாக ஒரு முடிவெடுத்தது. பதினாலு திறப்பும் சத்தமில்லாமல் பொக்கற்றுக்குள் போயின. யேசுரட்ணத்தின் கையில் மட்டும் ஒன்று மிஞ்சியிருந்தது. அது வானின் திறப்பு.