எட்டரை மணிக்கு அடிச்ச ரெண்டு மணி

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். திருப்பதியில ஒரு லாட்ஜுக்குப் போய், விடிகாலையில கெஸ்டுங்கள எழுப்பற ப்ரோக்ராமை அங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல போட்டுட்டு, சாயங்கால பஸ்ஸைப் புடிச்சு சித்தூர் திரும்பணும்.

செல்போன்லாம் யார் கைக்கும் வராத காலம் அது. சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ரூம் எடுத்து ‘கம்ப்யூட்டர் சென்டர்’னு போர்டு மாட்டியிருந்தேன். அப்பல்லாம் கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரிஞ்சாலே எஞ்சினியர்னு கூப்பிடுவாங்க. எனக்கு ஆஃப் பண்ணவும் தெரியும். அதனால ஊர்ல கொஞ்சம் கூடுதல் மரியாதை.

வூட்டுல மட்டும் அது செல்லுபடியாகல. கூடப் படிச்சவன் எல்லாம் பெங்களூரு, மெட்ராஸ்னு போய்க்கினு இருக்கான், நீ மட்டும் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து போற பஸ்ஸை எண்ணிக்கினு இருக்கியேன்னு நைனா தினம் கேப்பாரு. அதுவும் சரியா நான் சோறு துன்னும்போது கேப்பாரு.

லாட்ஜ் ஓனர் பேரு தேவராஜுலு. திருப்பதியில அவருக்கு இன்னும் சில லாட்ஜுங்க உண்டு. இங்க இது ஒழுங்கா வேலை செஞ்சா, மத்ததுக்கும் நீயே செஞ்சு குடுன்னு சொல்லியிருந்தாரு. அது நடந்துட்டா நைனா நிம்மதியா என்னைச் சாப்பிட விடுவாரு.

அவருக்கு இந்த ப்ரோக்ராம் எதுக்குன்னு கேட்டா, அதுக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. மலைக்குப் போறவங்க ராத்திரி ரெண்டு மணிக்கே எழுந்து குளிச்சு, மலைப் பாதை திறக்கற நேரத்துக்கு கேட்ல நிக்கணும். ரூம் ரூமாப் போய் கதவைத் தட்டி அவங்கள எழுப்பிக்கினு இருந்த ஆளு குவைத்துக்குப் போயிட்டாரு. வேற ஆளைப் போட்டுக்கலாமேன்னு கேட்டேன்.

"மனுஷன் குவைத்துக்குப் போவான். கம்ப்யூட்டர் போவாதுல்ல" அப்படின்னாரு தேவராஜுலு.

கம்ப்யூட்டர் எங்கன்னு கேட்டேன்.

கம்ப்யூட்டர் ரிசப்ஷன் மேசை மேல இருந்துச்சு. பெங்களூருல இழுத்து மூடின ஒரு வெளிநாட்டு கம்பெனியில அவரு மருமகன் வாங்கி, பலமனேர்ல இருந்து தக்காளி வண்டியில ஏத்தி அனுப்பிச்சிருந்தாரு. பின்பக்கம் ஒரு தக்காளி விதை இன்னும் ஒட்டிக்கினு இருந்துச்சு.

ஆன் பண்ணேன். டாஸ் இல்ல. விண்டோஸும் இல்ல. நான் பாத்தே இருக்காத ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம். ஜெர்மனியில கொஞ்சம் பேரு வச்சிக்கினு இருந்தாங்களாம். அதுல வர்ற எழுத்து எல்லாமே ஜெர்மன்.

இதை அழிச்சிட்டு டாஸ் போட்டுடலாம் சார், பத்து நிமிஷ வேலைன்னு சொன்னேன். அவரு ஒத்துக்கல. இதுக்கு வைரஸே வராதுன்னு மருமகன் சொல்லியிருக்கான், இது இருக்கட்டும், உன் ப்ரோக்ராமை இதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோன்னாரு.

வைரஸ் ஏன் வராதுன்னா, வைரஸ் எழுதறவனுக்குக் கூட இப்படி ஒரு சிஸ்டம் இருக்கறது தெரியாது. இதை நான் சொல்லல. மத்த லாட்ஜுங்க ஞாபகம் வந்துச்சு.

ஒரு சிஸ்டத்துக்காக எழுதினதை இன்னொரு சிஸ்டத்துல ஓட வைக்கறதுக்கு போர்ட் பண்றதுன்னு பேரு. புத்தகத்துல அது ஒரு பாரா. என்கிட்ட இருந்தது, சித்தூர்ல ஒரு ஸ்கூலுக்குப் பீரியட் பெல் அடிக்க நான் எழுதின ப்ரோக்ராம். பெல்லுக்குப் பதிலா ரூம் போன் அடிக்கணும், அவ்வளவுதான வித்தியாசம்னு தைரியமா உக்காந்துட்டேன்.

என் ஃப்ளாப்பியை அது படிக்கல. சரின்னு மொத்த ப்ரோக்ராமையும் கையால டைப் அடிச்சேன். அடிச்சு முடிச்சதும்தான் தெரிஞ்சுது, அதை ஓட வைக்கத் தேவையான கம்பைலர் அந்த மிஷின்ல இல்லவே இல்ல. கூட வந்த சிடியில இருந்துச்சு. அதைச் சேர்க்கணும்னா சிஸ்டத்தையே முதல்ல இருந்து போடணும்.

போட்டேன். நான் அடிச்சது எல்லாம் அழிஞ்சு போச்சு. அதை மறுபடியும் அடிச்சேன்.

சிஸ்டம் போடும்போது அது நிறைய கேள்வி கேட்டுச்சு. எல்லாம் ஜெர்மன்ல. நாட்டுப் பட்டியல்ல இந்தியாவை அழுத்தினேன், மத்ததுக்கெல்லாம் ‘யா’ன்னு, அதாவது ஆமான்னு இருந்ததை அழுத்திக்கினே வந்தேன். ஒரு இடத்துல மட்டும் ரெண்டு படம் காட்டி எது வேணும்னு கேட்டுச்சு. ஒண்ணு சுவர் கடிகாரம். இன்னொண்ணு பூமி உருண்டை. பூமி உருண்டை பாக்க நல்லா இருந்துச்சு. அதை அழுத்தினேன்.

அப்புறம் ப்ரோக்ராமை ஓட்டிப் பாத்தேன். ப்ரோக்ராம்ல இருந்த வரியை விட அது காட்டின தப்பு அதிகம். ஒண்ணைத் திருத்தினா புதுசா ரெண்டு வந்துச்சு. தேவராஜுலு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கினு பக்கத்துல உக்காந்துட்டாரு.

"ஏமண்டா உந்தி?" என்ன சொல்லுதுன்னு கேட்டாரு.

"ஜெர்மன்ல ஏதோ சொல்லுது சார்."

"திட்டுதா?"

"தெரியல சார்."

ஸ்கிரீனை கொஞ்ச நேரம் பாத்துட்டு, திட்டற மாதிரிதான் இருக்குதுன்னு அவரே முடிவு பண்ணிட்டாரு.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வழியா ஓடிச்சு. ரூம் நம்பரை அடிச்சு, ‘இப்பவே அடி’ன்னு கட்டளை குடுத்தேன். மாடியில போன் அடிச்சுது. தேவராஜுலு எழுந்து நின்னு என் தோளைத் தட்டினாரு. எல்லா ரூமையும் ரெண்டு மணிக்குன்னு போட்டு வச்சேன். இன்னிக்கு முதல் ராத்திரி, நீ ரிசப்ஷன்லயே படுத்துக்கோன்னு சொல்லிட்டு அவரு வூட்டுக்குப் போயிட்டாரு.

அன்னிக்கு லாட்ஜுல ஒரு கல்யாணப் பார்ட்டி தங்கியிருந்தாங்க. குடியாத்தம் பக்கத்துல இருந்து வந்த பொண்ணு வூட்டுக்காரங்க. மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கு மலை மேல முகூர்த்தம். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வேற லாட்ஜ். பொண்ணோட நைனா ஏகாம்பரம், போன் அடிச்சா ரெண்டு மணின்னு அர்த்தம், உடனே எழுந்துடணும்னு ஒவ்வொரு ரூமாப் போய் சொல்லிட்டு, ஏழு மணிக்கே எல்லாரையும் படுக்க வச்சிட்டாரு.

நான் எதிர் ஓட்டலுக்கு சாப்பிடப் போனேன். கம்ப்யூட்டரோட மல்லு கட்டினதுல மத்தியானம் சாப்பிடவே இல்ல. அங்க கூட்டம் வேற. இட்லி வந்து சேர ஒன்பது மணி ஆயிடுச்சு.

ரெண்டாவது இட்லியில இருக்கும்போது ஏகாம்பரம் உள்ள வந்தாரு. குளிச்சு, பட்டு வேட்டி கட்டி, விபூதி பூசி, பின்னாடி சொந்தக்கார ஆம்பளைங்க ஏழெட்டு பேரு. எல்லார் தலையும் ஈரம். குளிக்கக் கழட்டின வாட்ச்சை ஒருத்தரும் இன்னும் கட்டிக்கல.

என்னைப் பாத்ததும் நேரா வந்து கையைப் புடிச்சிக்கினாரு. முக்கா மணி நேரம் முன்னாடி, டாண்ணு ரெண்டு மணிக்கு அடிச்சுதாம். எல்லா ரூம்லயும் ஒரே சமயத்துல அடிச்சுதாம். இந்த வயசுல இவ்வளவு மூளையான்னு பக்கத்துல இருந்தவங்க கிட்ட காட்டினாரு.

நான் என் வாட்ச்சைப் பாத்தேன். ஒன்பதே கால்.

இங்க ஒண்ணு சொல்லணும். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வாட்ச் தப்பு, கம்ப்யூட்டர் சரின்னு நினைச்சேன். முள்ளைத் திருப்பி ரெண்டே முக்கால்ல வச்சேன். இட்லி துன்ன இவ்வளவு நேரமா ஆச்சுன்னு மட்டும் ஒரு சந்தேகம் வந்துச்சு.

வேற ஊரா இருந்தா வெளியில பாத்தாலே தெரிஞ்சிருக்கும். இது திருப்பதி. தெருவுல லைட் எரியுது, கடை திறந்திருக்குது, மொட்டைத் தலைங்க போய்க்கினு வந்துக்கினு இருக்குது, பஸ்காரன் மலை மலைன்னு கூவறான். ராத்திரி ஒன்பதும் விடிகாலை ரெண்டும் இங்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஏகாம்பரம் சர்வரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் பொங்கல் கேட்டாரு. பொங்கல் இல்ல சார், அது காலையிலதான்னு சர்வர் சொன்னாரு.

"அப்ப இது என்ன, மத்தியானமா?"

"ராத்திரி ஒன்பதரை ஆவப் போவுது சார். பரோட்டா இருக்குது."

கூட வந்தவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கினாங்க. அப்புறம் எல்லாரும் சேர்ந்து என்னைப் பாத்தாங்க. என் வாயில இட்லி இருந்துச்சு.

அப்பத்தான் எனக்கு அந்த பூமி உருண்டை ஞாபகம் வந்துச்சு. கடிகாரத்தை அழுத்தியிருந்தா, மிஷின் உள்ள இருக்கற நேரம் நம்மூர் நேரம்னு எடுத்துக்கும். பூமி உருண்டைன்னா அது லண்டன் நேரம்னு நினைச்சு, நம்மூருக்காக அதோட அஞ்சரை மணி நேரத்தைக் கூட்டிக்கும். ராத்திரி எட்டரைக்கு அதோட கணக்குல சரியா ரெண்டு மணி. தப்பே பண்ணல அது. பாவம், சொன்னதைத்தான் செஞ்சுது.

இதை ஏகாம்பரத்துக்கு விளக்க ஆரம்பிச்சேன். லண்டன்னு சொன்னதுமே அவரு கையைக் காட்டி நிறுத்திட்டாரு.

"தம்பி, பொண்ணையும் பொம்பளைங்களையும் வேன்ல ஏத்தி மலைக்கு அனுப்பிட்டேன்."

வேன் டிரைவருக்கு நேரம் தெரியும்தான். ஆனா கல்யாண வூட்டுக்காரங்க முன்னாடியே போக முடிவு பண்ணிட்டாங்க போலன்னு அவரு வாயே திறக்கல.

நான் லாட்ஜுக்கு ஓடினேன். ரிசப்ஷன் போன் விடாம அடிச்சுக்கினு இருந்துச்சு. மத்த ரூம்காரங்க எல்லாரும் குளிச்சிட்டு, வாட்ச் பாத்துட்டு, யாரைத் திட்டறதுன்னு தேடிக்கினு இருந்தாங்க. ஒவ்வொருத்தரையும் சமாதானப்படுத்தினேன். தைரியமாத் தூங்குங்க, நிஜமான ரெண்டு மணிக்கு மறுபடியும் அடிக்கும், நான் கேரண்டின்னு சொன்னேன். கம்ப்யூட்டரைத் தொடக்கூட நேரமில்ல. ஏகாம்பரம் வாசல்ல நின்னு என் சட்டையைப் புடிச்சிக்கினாரு.

"என் வூட்டுக்காரிகிட்ட நீயே வந்து சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா."

சரி, இவரோட பஸ்ல மலைக்குப் போய் சொல்லிட்டு அடுத்த பஸ்ல இறங்கிடலாம், ரெண்டு மணிக்குள்ள வந்து சரி பண்ணிடலாம்னு கணக்குப் போட்டேன்.

மேல கல்யாண மண்டப வாசல்ல பொண்ணு மாலையும் கழுத்துமா உக்காந்துக்கினு இருந்துச்சு. பேரு கலா. அவங்கம்மா, ஐயரை இன்னும் காணோம், மாப்பிள்ளை வூட்டுக்காரங்களையும் காணோம், ஏமாத்திட்டாங்களான்னு அழற நிலைமையில இருந்தாங்க. மணி பதினொண்ணு ஆவுதும்மா, முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்குதுன்னு சொன்னேன். நீ யாருப்பான்னு கேட்டாங்க. சொன்னேன். அதுக்கப்புறம் அவங்க சொன்னதை எழுத முடியாது. ஜெர்மன் எவ்வளவோ மேல்.

கலா மட்டும் கோவப்படல. என்னைப் பாத்து, மேக்கப் கலையாம எப்படித் தூங்கறதுன்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியுமான்னு கேட்டுச்சு. அப்புறம் அங்க இருந்த தூண்ல சாஞ்சு, கழுத்தை ஆட்டாமத் தூங்கிடுச்சு.

எல்லாரையும் ஒரு மூலையில படுக்க வச்சிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கடைசி பஸ் போயிடுச்சு. மலைப் பாதையை மூடிட்டாங்க. இனிமே மூணு மணிக்குத்தான் திறப்பாங்க.

ஒரு டெலிபோன் பூத்தைத் தேடிப் புடிச்சு லாட்ஜுக்கு போன் போட்டேன். மணி அடிச்சுக்கினே இருந்துச்சு, யாரும் எடுக்கல. மறுபடி போட்டேன். ரிசப்ஷன்ல ஒரு ஆளு கூட பொறுப்பா இருக்க மாட்டானான்னு கோபம் கோபமா வந்துச்சு. மூணாவது தடவை போடும்போதுதான் உறைச்சுது. அன்னிக்கு ராத்திரி ரிசப்ஷன்ல இருக்கவேண்டிய ஆளு நான்தான்.

மாப்பிள்ளை வூட்டுக்காரங்க நாலு மணிக்கு வந்தாங்க. பொண்ணு வூட்டுக்காரங்க மொத்தமும் தயாரா உக்காந்துக்கினு இருக்கறதைப் பாத்து அசந்துட்டாங்க. பொண்ணு வூடுன்னா இப்படி இருக்கணும்னு மாப்பிள்ளையோட நைனா எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னாரு. ஏகாம்பரம், எங்க குடும்பத்துல இதெல்லாம் சகஜம்ங்கன்னாரு. சொல்லிட்டு என் பக்கம் ஒரு பார்வை பாத்தாரு. நான் தூணைப் பாத்தேன்.

தாலி கட்டும்போது கலா ஒரு கொட்டாவி விட்டுச்சு. கெட்டி மேளத்துல யாருக்கும் தெரியல.

நான் கீழ வந்து சேர மணி ஏழு. லாட்ஜ் வாசல்லயே சத்தம் கேட்டுச்சு. என் கேரண்டியை நம்பித் தூங்கின அத்தனை பேரும் அப்பத்தான் எழுந்து வந்து தேவராஜுலுவைச் சுத்தி நின்னுக்கினு இருந்தாங்க. தரிசன நேரம் போயே போச்சு. கம்ப்யூட்டர் கணக்குல எல்லாரையும் எழுப்பி முடிச்சாச்சு, அது பாட்டுக்கு சும்மா இருந்துச்சு.

தேவராஜுலு என்னைத் திட்டவே இல்ல. எல்லாரையும் சமாதானம் பண்ணி அனுப்பிட்டு வந்து, இதைச் சரி பண்ண எவ்வளவு நேரம் ஆவும்னு மட்டும் கேட்டாரு. ஒரு நிமிஷம் சார்னேன். பூமி உருண்டையை எடுத்துட்டு கடிகாரத்தை வச்சேன். இனிமே கரெக்டா ரெண்டு மணிக்கு அடிக்கும், சத்தியமா சொல்றேன்னேன்.

"அது அடிக்கட்டும்," அப்படின்னாரு. "கூட நீயும் போய்க் கதவைத் தட்டு."

ஒரு மாசம் தட்டினேன்.

அந்த ஒரு மாசமும் கம்ப்யூட்டர் ஒரு நாள் தவறாம ரெண்டு மணிக்கு அடிச்சுது. எனக்கு நல்லாத் தெரியும். என்னை எழுப்பினதே அதுதான்.