கூப்பாட்டு நைனாவின் மேடைப்பேச்சு

ஒரே ஒரு சத்தத்தில் கூட்டம் கூட்டக்கூடிய மனிதர் தமிழ்நாட்டில் ஒருவர்தான் இருந்தார். அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. கும்மிடிப்பூண்டி ஏரிக்கரையில் பன்றி வளர்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கேட்டுப் பார்த்ததில்லை. ஊருக்கு அவர் கூப்பாட்டு நைனா.

சாயங்காலம் வெயில் பனைமரங்களுக்குக் கீழே இறங்குகிற நேரத்தில் நைனா ஏரிக்கரைமேல் ஏறி நின்று, ஒரு கையைக் காதில் வைத்துக்கொண்டு கூப்பிடுவார். ‘ஊ’ என்று அடிவயிற்றில் தொடங்கி, ‘ஓ’ என்று நெடுநேரம் காற்றில் மிதந்து, ‘பா’ என்று முடியும். அவ்வளவுதான். ரயில் நிலையத்தின் பின்புறம், கோரைப்புதர், பனந்தோப்பு, சந்தைத் திடல் என்று காலையிலிருந்து ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்த நாற்பது பன்றிகளும் தலையைத் தூக்கும். தின்றுகொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடிவரும். கூடூர் பாசஞ்சரே அந்த நேரத்தில் வேகத்தைக் குறைத்து, பன்றிகள் தண்டவாளத்தைத் தாண்டிய பிறகுதான் நிலையத்துக்குள் வரும் என்பார்கள். நான் இரண்டு முறை கண்ணால் பார்த்தேன். மூன்றாவது முறை ரயிலுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

பன்றி என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள்கூட அந்தக் கூப்பாட்டுக்குக் காதைக் கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் அதைக் கேட்டுத்தான் பாய்லருக்குக் கரி போடுவார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார். எனக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிடும். யாரோ என்னையும் வீட்டுக்கு வரச் சொல்கிற மாதிரி இருக்கும். அறைக்கு நான் வாடகை கொடுத்த ஊரில் எனக்கு வீடு ஏது?

நான் அந்த ஊருக்குப் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பூர்வீகம் திருவள்ளூர், கோயில் குளத்தங்கரை. அப்பா பெருமாள் சன்னதியில் பிரபந்தம் சொல்கிறவர். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தது, கால்நடைப் பிரிவில் குமாஸ்தாவாக. போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, மாடு, ஆடு, கோழி எல்லாவற்றுக்கும் ஏற்கனவே ஆள் இருந்தார்கள். மிச்சமிருந்தது பன்றி. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் ‘கால்நடை’ என்றே போட்டு ஆறு மாதம் ஓட்டினேன். ஒருநாள் குட்டு உடைந்தது. அப்பா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, “பெருமாளே அந்த ரூபம் எடுத்திருக்கார். நீ வெறுமனே எழுதத்தானே போறே” என்றார்.

எழுதப் போன இடத்தில்தான் நைனா பழக்கமானார். பன்றிகள் காணும் கனவு அவருக்குத் தெரியும். நான் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மத்தியானம் எண்ணிக்கை எடுக்கப் போனால், வேப்பமர நிழலில் பன்றிகள் வரிசையாகப் படுத்திருக்கும். நடுவில் நைனா குந்தியிருப்பார். உதட்டில் விரலை வைத்து என்னையும் உட்காரச் சொல்வார். தூங்கும் பன்றி காலை உதைத்தால் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. வாயை மென்றால் கோரைக்கிழங்கு. காது மட்டும் துடித்தால் யாரோ கூப்பிடுகிறார்கள். “நேத்து இவ ஆரணியாத்துக்குப் பூட்டு வந்தா சாமி. இன்னிக்கி ஊட்டாண்டயே பனம்பழம் துன்னுகினு கீறா” என்று மெதுவாகச் சொல்வார். நாற்பது மூச்சும் ஒன்றாக ஏறி இறங்கும். ஒருநாள் நானும் தூங்கிப்போனேன். விழித்தபோது நைனா என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே போய்வந்தேன் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நைனாவின் அப்பாவும் அதே கரையில் நின்று கூப்பிட்டவர்தான், அவருடைய அப்பாவும்தான். ஆனால் அந்தக் கொட்டிலை உண்மையில் நடத்தியது நைனாவின் மனைவி ரமணம்மா. வீடுவீடாகப் போய்க் கழுநீர் வாங்கித் தலையில் சுமந்து வருவது, தவிடு கரைப்பது, குட்டி போடும்போது பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துத் தாயின் மடியில் சேர்ப்பது எல்லாம் அந்த அம்மாள். தடா பக்கத்தில் பிறந்து கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கூடவே ஒரு பெட்டைப்பன்றியை ஓட்டிக்கொண்டு வந்தாராம். அதன் வம்சத்தில் கடைசியாக மிஞ்சியிருந்தவள் ராஜாத்தி. ரமணம்மா கஞ்சி குடித்தால் அதில் பாதி ராஜாத்திக்கு.

இப்படி இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. கால்நடைக் கண்காட்சி நடத்த வேண்டும், தலைமுறை தலைமுறையாகப் பன்றி வளர்த்து வரும் குடும்பம் ஒன்றை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும். நைனாவை விட்டால் வேறு யார்? விண்ணப்பம் பூர்த்தி செய்ய ஒரு மத்தியானம் அவரை ஆபீசுக்கு வரச் சொன்னேன். வந்தவர் தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. நான் அதைக் காட்டவில்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

தகப்பனார் பெயர் கேட்டேன். நைனா என்றார், அவர்கள் வீட்டில் அப்பாவைக் கூப்பிடுவதே அப்படித்தான். பாட்டனார் பெயர்? தாத்தா என்றார். அதற்குமேல் ஒன்றும் பெயரவில்லை. ‘குடும்ப வரலாறு’ என்ற கட்டத்துக்கு வந்ததும்தான் மனிதருக்கு வாய் திறந்தது. பெத்தம்மா, அவள் மகள் நல்லம்மா, அவள் மகள் கோணவாலு, அவள் மகள் பாலம்மா என்று அடுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொருத்திக்கும் எத்தனை பிள்ளை, யார் கோபக்காரி, யார் மழையைக் கண்டு பயப்படுவாள் எல்லாம் வந்தது. நான் பரவசமாக எழுதினேன். ஏழாவதுக்கு வரும்போதுதான் ஒரே பிரசவத்தில் பதினோரு பிள்ளை என்றார். எனக்கு உறைத்தது. கட்டத்தை அடித்தால் காலியாக அனுப்ப வேண்டும். யோசித்துப் பார்த்து, எல்லாப் பெயருக்கும் பின்னால் ஓர் ‘அம்மாள்’ சேர்த்தேன். கோணவாலு கோணம்மாள் ஆனாள். எட்டாவதாக ராஜாத்தி அம்மாள். புதுத்தாள் எடுத்து முத்து முத்தாகத் திரும்ப எழுத ஆரம்பித்தேன்.

நைனா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். “சாமி, பொழுது சாயுது. நான் போயி கூவணும்” என்றார். இதோ ஆயிற்று என்றேன். மறுபடி சொன்னார். மறுபடியும் இதோ ஆயிற்று என்றேன். கைநாட்டு வாங்கி அவரை விட்டபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அவர் ஆயுளில் கூப்பிடாத சாயங்காலம் அது ஒன்றுதான். மற்றப் பன்றிகள் பழக்கத்தில் தாமாகவே வந்து சேர்ந்துவிட்டன. ராஜாத்தி வரவில்லை. அவள் அப்போது நிறைசினை.

பன்னிரண்டு நாள் தேடினார்கள். தண்டவாளம் நெடுக நடந்தார்கள். ஊருக்கு வடக்கே, புறம்போக்குக் காட்டை வளைத்து ஒரு தொழிற்சாலைக்குச் சுற்றுச்சுவர் எழும்பியிருந்தது. அங்கே போய்க் கேட்டதற்கு, உள்ளே பன்றி ஒன்றும் இல்லை என்று காவல்காரர் இரும்புக் கதவைத் திறக்காமலே அனுப்பிவிட்டார். நைனா தினமும் கரையேறிக் கூப்பிட்டார். முப்பத்தொன்பது வந்தது.

ரமணம்மா நைனாவுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். என்னிடம் மட்டும் ஒரு தடவை பேசினார். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். “ஒரே ஒரு பொழுது கூவல சாமி. போர்வ போத்துவாங்கன்னு உன்னாண்ட குந்திகினு இருந்துட்டாரு.” தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மாள் கழுநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

நைனா விழாவுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நான் போய்க் கெஞ்சினால் வேறெதையோ பேசினார். “தூக்கத்துல கூவுறேன் சாமி. வாயி தொறக்குது, சத்தம் வரமாட்டேங்குது.” மற்றவர்களின் கனவையெல்லாம் சொன்ன மனிதர் தம்முடைய கனவைச் சொன்னது அப்போதுதான். வேப்பமரத்தடியில் ஓரிடம் காலியாகவே இருந்தது. யாரும் அதில் படுக்கவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு மைக்செட்காரர் பனைமரங்களில் கூம்பு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார். பள்ளித் திடலில் இரண்டு, வடக்கே போகும் சாலையில் நாலு. நைனா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இது எம்மாந்தூரம் கேக்கும்?” என்றார். எளாவூர் வரைக்கும் கேட்கும் என்று மைக்செட்காரர் மரத்தின் மேலிருந்தே பெருமையடித்துக்கொண்டார். நைனா வடக்கே போகும் சாலையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அப்ப நான் வரேன் சாமி” என்றார். கடைசியில் மனிதருக்கும் பொன்னாடை ஆசை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல முட்டாள் அந்தப் பிரிவில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

விழா நாளில் செங்கல்பட்டிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். வாசலில் வாழைமரம், மேடையில் ஜமுக்காளம், ஓரமாகப் பரிசுபெற்ற பூசணிக்காய்கள். நைனா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ரமணம்மா திடலின் கடைசியில், யாரோடும் சேராமல் நின்றார். நான் குடும்ப வரலாற்றை வாசித்தேன். பெத்தம்மாள், நல்லம்மாள், கோணம்மாள் என்று நான் வாசிக்க வாசிக்க அதிகாரியின் முகம் நெகிழ்ந்தது. எட்டுத் தலைமுறைத் தாய்மார்களை மறக்காமல் சொல்கிற குடும்பம் பட்டணத்தில் உண்டா என்று கேட்டு, அந்தத் தாய்மார்களை நினைத்துக் கைகூப்பினார். கூட்டமும் கைதட்டியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொன்னாடையைக் கையில் எடுத்த அதிகாரி, போர்த்துவதற்கு முன் பெரியவர் நாலு வார்த்தை பேசட்டும் என்றார். நைனா மைக்கின் முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். ஒரு கையைக் காதில் வைத்தார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோசனம்?

ஆறு கூம்பிலும் அந்தக் கூப்பாடு கிளம்பியது. பந்தல் துணி நடுங்கியது. ஊர் முழுக்க ஒரு கணம் எல்லாச் சத்தமும் அடங்கிப்போனது. அப்புறம் வந்தன. முதலில் நைனாவுடைய முப்பத்தொன்பது. அதன் பிறகு யார் யாருடையதோ. காட்சிக்காகக் கட்டிவைத்திருந்த சீமைப் பன்றி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, கயிற்றோடு ஓடிவந்தது. நாற்காலிகள் சரிந்தன. முதல் பரிசுப் பூசணிக்காய் இருந்த இடம் தெரியவில்லை. அதிகாரி பொன்னாடையோடு நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டார். எங்கள் மேலதிகாரி அதே நாற்காலியில் ஏற இடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நைனா இதில் எதையும் பார்க்கவில்லை. வடக்கே பார்த்து இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை குரல் உடைந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அந்தக் குரலில் என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்ட எல்லாருமே தொலைந்துபோனவர்கள் மாதிரி நின்றோம்.

முதலில் கேட்டது ரமணம்மாவுக்குத்தான். “வரா” என்றார். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு நைனாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

வாழைமர வாசல் வழியாக ராஜாத்தி வந்தாள். விலாவெலும்பு தெரிய, மண்ணும் சிமெண்டுமாக, பின்னால் ஏழு குட்டிகளோடு. ஆள் வராத இடம் தேடிக் குட்டி போட அந்தத் தொழிற்சாலைச் சுவருக்குள் இருந்த புதருக்குப் போயிருக்கிறாள். மறுநாள் காலையில் சுவருக்குக் கதவு மாட்டிவிட்டார்கள், அதன் பிறகு ஏரிக்கரைக் கூப்பாடு உள்ளே எட்டவில்லை. முந்தின சாயங்காலம் நைனா கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த பனைமரத்திலிருந்து நைனாவின் குரல் கேட்டதும் அவள் இரும்புக் கதவை முட்டிய முட்டில், காவல்காரர் உயிருக்குப் பயந்து திறந்துவிட்டாராம்.

“இன்னாடி இப்பிடி எளைச்சிப் பூட்ட” என்று ரமணம்மா மண்டியிட்டு அவள் முகத்தைத் துடைத்தார். குட்டிகள் நடந்த களைப்பில் தள்ளாடின. அந்த அம்மாள் எழுந்து மேடைக்கு வந்து, நாற்காலிமேல் நின்ற அதிகாரியின் கையிலிருந்து பொன்னாடையை வாங்கிப்போய், ஏழு குட்டிகளையும் அதில் அள்ளிக்கொண்டார். அதிகாரி தடுக்கவில்லை. கைதட்டினார் என்று ஞாபகம். நடந்ததற்கு என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். ‘பொன்னாடை குடும்பத்தாரிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டது’ என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மறுநாள் கொட்டிலுக்குப் போய், அன்றைக்கு நைனாவைப் பிடித்து வைத்தது நான்தான் என்று ரமணம்மாவிடம் ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் தவிடு கரைப்பதை நிறுத்தவில்லை. “நீ எழுதுனதுல எங்க ராஜாத்தி பேரு கீதா?” என்று மட்டும் கேட்டார். ராஜாத்தி அம்மாள் என்று போட்டிருக்கிறேன் என்றேன். “அம்மாளா?” என்று நிமிர்ந்து பார்த்தார். “சரிதான். குந்து சாமி, கால் வலிக்கப் போவுது” என்று ஒரு மணையை என் பக்கம் தள்ளினார். குட்டிகளில் கடைக்குட்டிக்குக் குமாஸ்தா என்று பெயர் வைத்தார்கள். எந்நேரமும் தூங்கும்.

இப்போது நான் திருநின்றவூரில் இருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. மத்தியானம் படுத்தால் சாயங்காலம் வரை தூக்கம். எழும் நேரத்தில் என் கால்கள் உதைத்துக்கொள்கின்றன என்று மனைவி சொல்கிறாள். “தூக்கத்துல அப்படி எங்கதான் ஓடறேள்?” என்று தினமும் கேட்கிறாள். நானும் தினமும் ஒன்றுமில்லை என்கிறேன். வெயில் பனைமரத்துக்குக் கீழே இறங்கிவிட்டது, நைனா கரையேறிவிட்டார், நான் போக வேண்டாமா?