இல்மோவின் துக்கப் பற்றாக்குறை

மனித குலத்தின் சாதனைகளில் தலையாயது, துக்கத்தை ஒரு பொழுதுபோக்காக மாற்றியதுதான். நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் எல்லாம் அதற்கான பூர்வாங்க ஏற்பாடுகள். இந்தத் துறையில் பின்லாந்துக்குத் தனி இடம் உண்டு. பின்லாந்துக்குள் கோவோலா நகருக்கு இன்னும் தனி இடம். வெளியூர்க்காரர்கள் ரயில் மாறுவதற்காக மட்டும் இறங்கும் அந்த சிமெண்டு நிற ஊரில், நூலகத்தின் நிலவறையில், 'கோவோலா டூம் மெட்டல் ரசிகர் சங்கம் (பதிவு பெற்றது)' செயல்பட்டு வந்தது. டூம் மெட்டல் என்றால், ராக் இசையிலேயே மிக மெதுவான, மிகச் சோகமான ரகம். செயல்பட்டது என்றால், உட்கார்ந்திருந்தது.

இல்மோ அந்தச் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு புகார் வழியாக. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் நாள் முழுக்கப் பிறர் புகார்களைக் கேட்பது அவன் உத்தியோகம். அதனால் சொந்தப் புகார் ஒன்று கிடைத்தபோது அவனுக்கு உற்சாகமாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பின் பொது நீராவிக் குளியலறையான சவுனாவில் தன் வீட்டு முறை முடிந்து ஈரத்தலையோடு இறங்கி, கீழ்வீட்டு மணியை அடித்தான். கறுப்புச் சட்டை போட்ட கனத்த மனிதர் ஒருவர் கதவைத் திறந்தார். நகராட்சி நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குத் தவளை நீச்சல் சொல்லித்தரும் தூரெ.

"உங்க வாஷிங் மெஷின் மத்தியானத்துலேர்ந்து ஓடிக்கிட்டிருக்கு. ஞாயித்துக்கிழமைக்குன்னு குடியிருப்பு விதி ஒண்ணு இருக்கு."

"எங்கிட்ட மெஷினே இல்லையேப்பா. பொதுச் சலவை அறையிலதான் துவைக்கறேன்."

"அப்ப இந்தச் சத்தம்?"

"அது முன்னுரை. பாட்டு இன்னும் ஆரம்பிக்கல. ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா."

இல்மோ விதிகளை மதிப்பவன். ஷூவைக் கழற்றினான். உட்கார்ந்தான். பாட்டு ஆரம்பித்தது.

தொய்ய விட்ட கம்பிகளில் ஒரு கிதார் ஒரே ஒரு ஸ்வரக்கட்டை அடித்துவிட்டு, அது தானாகச் சாகும்வரை காத்திருந்தது. முரசு ஒரு அடி அடித்தது. அடுத்த அடிக்குள் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கி, ஆற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவியும் வைத்துவிடலாம். பாடகர் ஏதோ சுரங்கத்துக்குள்ளிருந்து மேலே இருப்பவர்களை மன்னிக்க மறுத்துக்கொண்டிருந்தார். ஒலி காது வழியாக வரவில்லை. நாற்காலிக் கால்கள் வழியாக ஏறி, முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக உட்கார்ந்து பார்த்து மேலே போயிற்று. நாள் முழுதும் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று தொலைபேசியில் கத்தும் ஊருக்கு நடுவே, இந்த உலகத்தில் எதற்கும் அவசரப்படாத ஒன்று இருக்கிறது என்று இல்மோவுக்கு அன்றுதான் தெரிந்தது. பொய் சொல்வானேன், அது அழகாக இருந்தது. பாட்டு முடிந்தபோது தலை காய்ந்திருந்தது, கன்னம் நனைந்திருந்தது.

"எப்படி?" என்றார் தூரெ.

"கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு."

தூரெ அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. கோவோலாவில் அதெல்லாம் கிடையாது. ஆனால் ஒரு காபி ஊற்றினார். அதற்கும் அதே அர்த்தம்தான்.

சங்கத்தின் மாதக் கூட்டம் ஓர் ஒழுங்கின் உச்சம். தலைவர் தூரெ சுத்தியலால் மேசையைத் தட்டுவார். கூட்டம் முறைப்படி கூட்டப்பட்டதாக ஒருமனதாக முடிவு செய்யப்படும். ஏலக்காய் பன் பரிமாறப்படும். பிறகு மனித இருப்பின் அர்த்தமின்மை குறித்து ஓர் இசைத்தட்டு கேட்கப்பட்டு, அது போதுமான அளவு மெதுவாக இருந்ததா என்று விவாதிக்கப்படும். போன வருஷம் ஒரு குழு இரண்டாவது பாட்டில் லேசாக வேகம் எடுத்துவிட்டது. 'வியாபாரத்துக்கு விலைபோனவர்கள்' என்று கண்டனத் தீர்மானம் நிறைவேறியது.

இல்மோ அங்கே துணை உறுப்பினர்தான். துணை உறுப்பினர் கதவருகே, மழைக்கோட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே, எலும்பு அதிரும் முன்வரிசை நாற்காலி முழு உறுப்பினருக்கு மட்டுமே. அதற்கு விண்ணப்பதாரர், இந்த இசையைக் கேட்கும் தகுதி தரத்தக்க சொந்தத் துக்கம் ஒன்றைச் சபை முன் விவரித்தாக வேண்டும். ஆண்டுக்கு இரண்டே வாய்ப்பு. அந்த நாற்காலிக்காக இல்மோ எதையும் செய்யத் தயாராக இருந்தான். கையில் துக்கம்தான் இல்லை.

வசந்தகாலக் கூட்டத்தில் முதல் முயற்சி.

"எங்க நாய் செத்துப்போச்சு" என்றான்.

"என்ன வயசு?" என்று கேட்டாள் பொருளாளர் ஹில்க்கா. பல் டாக்டர், வலியில் கலப்படம் இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"பதினாறு."

"அது கிழவனாகிச் செத்திருக்கு. அடுத்தது?"

"நம்ம ஐஸ் ஹாக்கி டீம் தோத்து..."

"அது ஊர் துக்கம்ப்பா. ஆளாளுக்குப் பிரிச்சுக் கேக்க முடியாது" என்றார் தூரெ. "உனக்குன்னு சொந்தமா ஒண்ணும் இல்லியா?"

இல்லை. ஏரிக்கரையில் ஒரு கோடைக்குடில், நல்ல உத்தியோகம், உருளைக்கிழங்கு உரிக்கும்போது சீட்டியடிக்கும் மனைவி சிர்க்கு. இப்படி ஒரு வாழ்க்கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எந்த முகத்தோடு டூம் கேட்பான்?

இல்மோ திட்டமிட்டு உழைத்தான். இரவிலும் வெளிச்சம் மங்காத நடுக்கோடை விழாவுக்குக் குடிலுக்குப் போவதை ரத்து செய்தான். "வெளிச்சம் தாங்கல" என்று காரணம் சொன்னான். சமையலறைக்கு ஈய நிறம் பூசினான். சீட்டிக்குத் தடை விதித்தான். ஸ்வரம் மகிழ்ச்சி ரகம் என்பது குற்றச்சாட்டு. சாப்பாட்டு மேசையில் பாட்டு கேட்கும் ஹெட்போனைக் கழற்றுவதை நிறுத்தினான். உப்பைக் கேட்டாலும், ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் நடுவில் போதிய இடைவெளி விட்டே கேட்டான். அதற்குள் சூப் ஆறிவிடும்.

இலையுதிர்காலக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு, சிர்க்கு பெட்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்று, தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அவன் ஹெட்போனைக் கழற்றினான்.

"நான் போறேன் இல்மோ."

"எங்க?"

"லஹ்திக்கு. அக்கா வீட்டுக்கு. திரும்பி வரமாட்டேன்."

இல்மோவின் நெஞ்சுக்குள் ஏதோ சரிந்தது. சரிந்த வேகத்திலேயே இன்னொன்று எழுந்து உட்கார்ந்தது. முன்வரிசை நாற்காலி!

"என்ன சொன்ன? கொஞ்சம் மெதுவா சொல்லு."

"ஏன்?"

"அப்பதான் ஆழம் தெரியும்."

சிர்க்கு பெட்டியைக் கீழே வைத்தாள். "அம்மா போன அன்னிக்கு இதே இடத்துல உட்கார்ந்துதான் அழுதேன். நீ என்ன சொன்ன, தெரியுமா?"

"என்ன சொன்னேன்?"

"'வேகம் கொஞ்சம் அதிகமா இருக்கு சிர்க்கு'ன்னு சொன்ன. சொல்லிட்டு ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்ட."

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தவில்லை, சாதாரணமாகத்தான். அதிர்வு போதவில்லை என்று இல்மோவுக்குப் பட்டது. கூட்டத்தில் சொல்லும்போது கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்தில் அவன் பிரமாதப்படுத்தினான். பெட்டி, கதவு, ஈய நிறச் சமையலறை, ஒற்றைத் தட்டு. மாமியார் செத்த அன்று தான் சொன்னதைக்கூட, சூழலின் கனம் கருதி, விடாமல் சொன்னான். பன்னைக் கடித்த வாய்கள் பாதியில் நின்றன. தூரெ கண்ணை மூடிக்கொண்டார்.

"அபாரம். என்ன ஒரு கனம்!" என்றார். "யாருக்காவது கேள்வி இருக்கா?"

ஹில்க்கா கை தூக்கினாள். "மாமியார் எப்ப இறந்தாங்க?"

"மார்ச் மாசம்."

"வசந்தக் கூட்டம் ஏப்ரல்ல. அப்ப நீ நாயைப் பத்திச் சொன்ன, ஹாக்கியைப் பத்திச் சொன்ன. இதை ஏன் சொல்லல?"

இல்மோ யோசித்தான். உண்மையாகவே அவனுக்கு அது தோன்றியிருக்கவில்லை.

"அது அவளோட துக்கமாச்சே" என்றான்.

ஹில்க்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இல்மோ, துக்கம்னா நமக்கு நடக்கறது. இது நீ நடத்தினது. இதுக்கு வேற பேரு இருக்கு."

தூரெ நெளிந்தார். முன்வரிசையில் ஒருவர் தன் ஷூ நுனியை ஆராய்ந்தார். இன்னொருவர் தன் விரலில் எப்போதோ மோதிரம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். அந்த வரிசையில் வீட்டில் ஆள் இருப்பவர் ஒருவரும் இல்லை என்பது சங்கம் என்றைக்குமே விவாதப்பொருளாக எடுத்துக்கொள்ளாத ஒரு விஷயம்.

"பொருளாளரோட கருத்துக்கு நன்றி" என்றார் தூரெ அவசரமாக. அவர் எதையும் அவசரமாகச் சொன்னது அதுவே முதல் முறை. "ஆனா விதியில துக்கம் இருக்கணும்னுதான் போட்டிருக்கு. யாரால வந்ததுன்னு போடல. ஓட்டெடுப்பு?"

முன்வரிசைக் கைகள் எல்லாம் உயர்ந்தன. ஹில்க்கா மட்டும் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

இல்மோ முன்வரிசை நாற்காலியில் அமர்த்தப்பட்டான். தூரெ இசைத்தட்டின் மேல் முள்ளை இறக்கினார். முதல் ஸ்வரக்கட்டு தரை வழியாக வந்து முதுகில் ஏறியது. முரசு ஒரு அடி அடிப்பதற்குள் அவன் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சங்கம் கண்ட ரசிகர்களிலேயே நுண்ணுணர்வு மிக்கவன் இல்மோதான் என்று அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பெயர் தெரியாத நாலு பேர் கூலிக்குக் கூடி இசைத்தட்டில் செய்த அழுகையை முதல் அடியிலேயே புரிந்துகொண்டவன் அல்லவா அவன்! கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து ஒருத்தி அழுததில்தான் அவனுக்குத் தாளக்குறை தெரிந்தது.