பூமயிலின் கடைசிச் சிப்பாய்

முரசுகளுக்கு ஓய்வே இல்லாத மதிலூர் நாட்டில், அணைத் தண்ணீர் யாருக்கு என்பதைச் சதுரங்கம்தான் முடிவு செய்தது. சிறுவர் போட்டியில் எந்த ஊர்ப் பிள்ளை வெல்கிறதோ, அந்த ஊருக்கு அந்த ஆண்டு மதகு திறக்கும். பதினோரு ஆண்டுகளாக அரண்மனையே வென்றது. அதன் நீரூற்றுகள் அழகாகவே இருந்தன, மறுப்பதற்கில்லை.

இம்முறை இறுதி ஆட்டத்தில் 2310 தரவரிசைப் புள்ளி பெற்ற இளவரசன் கேதுவர்மனுக்கு எதிரே, 1140 புள்ளியோடு பூமயில் வந்து உட்கார்ந்தாள். கழிமுனைக்காரி, வயது பதினொன்று. அங்கே கிணற்று நீரெல்லாம் உப்புக் கரித்தது. இந்த ஆண்டும் மதகு திறக்காவிட்டால் ஊரையே காலி செய்வதென்று முடிவாகியிருந்தது.

முரசு கொட்டியது. தரவரிசை அமைச்சர் திருமேனிநாதர் எழுந்தார். "புள்ளியில் குறைந்தவர், மரியாதை நிமித்தம் தமது ராணியை ஒப்படைக்க வேண்டும்."

பூமயில் கொடுத்தாள். ராணி இல்லாமலே இளவரசனின் யானையை வெட்டினாள்.

"அரச யானையின் மரணம் குறித்து விசாரணை முடியும்வரை, அது களத்திலேயே நிற்கும்" என்றார் அமைச்சர்.

பூமயில் தலையாட்டிவிட்டுத் தன் சிப்பாயை முன்னேற்றினாள். கடைசிக்கு இரண்டு கட்டம் இருக்கையில் மறுபடி முரசு கொட்டியது.

"எல்லையைத் தொட்ட சிப்பாய் ராணியாகும் வழக்கம், பொது அமைதி கருதி ரத்து."

"அப்போ சிப்பாயாவே இருக்கட்டும்ங்க" என்றாள். ஒரே கட்டம் நகர்த்தி, ராஜாவுக்குச் செக் வைத்தாள்.

கேதுவர்மன் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்தான். ராஜா போக இடமில்லை. சபையில் எத்தனையோ ஆண்டுகளாகக் குறிப்பெழுதுகிறேன். ராணியே இல்லாமல் ஒருவர் வென்றதாக எழுதியது அன்றுதான்.

"தோத்துட்டேன்" என்று இளவரசன் எழுந்து வணங்கினான். "எப்படிப் புள்ள யோசிச்ச?"

"கையில சிப்பாய்தானே இருந்துச்சு."

திருமேனிநாதர் கண் கலங்கினார். "இத்தனை அறிவு 1140 ஆக இருக்கவே முடியாது. இந்த நொடி முதல் பூமயில் 2400! இரண்டாயிரம் தாண்டியவர்கள் அனைவரும் அரண்மனை அணியினர் என்று இப்போதே சட்டம் இயற்றுகிறோம். ஆகவே, வென்றது அரண்மனை!"

அவள் கழுத்தில் மாலை விழுந்தது.

"ஐயா, எங்க ஊருக்குத் தண்ணி?"

"இதுதானேம்மா இனி உன் ஊரு" என்றார் அமைச்சர், உண்மையான பாசத்துடன்.

நீரூற்றுகள் பீறிட்டன. மாலைக்குள் முகம் புதைத்துப் பூமயில் அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

தண்ணீர் கொண்டுபோக வந்திருந்த கழிமுனை மக்கள், "என்ன இருந்தாலும் ஜெயிச்சது நம்ம புள்ளதானே!" என்று ஆரவாரித்தார்கள். குடங்கள் காலியாக இருந்ததால், தாளம் போட வசதியாக இருந்தது.